டிசம்பர்ல கடல் எந்தப் பக்கம்?

"லீவுக்கு எந்த ஊருக்குப் போலாம்?"னு கேக்கறதுக்கு முன்னாடி "எந்த மாசம் லீவு?"னு கேக்கணும். இந்தச் சின்ன விஷயத்தைக் கத்துக்க எனக்கு ஒரு தீபாவளி செலவாச்சு. அதனால முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க மக்களே.

2018ல தீபாவளி நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. திங்கள் ஒரு நாள் லீவு போட்டா சனியிலிருந்து செவ்வாய் வரைக்கும் நாலு நாள். சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு இப்படி ஒட்டினாப்போல நாலு நாள் வந்தா கை சும்மா இருக்காது. நான் பிடிச்சது தியோமான் தீவு. மலேசியாவோட கிழக்குக் கரையில, மெர்சிங்கிலிருந்து படகுல போகணும். ரிசார்ட் விலை பாதிக்குப் பாதி. படத்துல வெள்ளை மணல், பச்சைத் தண்ணி, சாய்ஞ்ச தென்னை மரம். "இவ்ளோ மலிவா எப்படிங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க. "நமக்குன்னு அமைஞ்சிருக்கு"ன்னு நான் சொன்னேன். (இந்த வசனத்தை இன்னிக்கு வரைக்கும் வீட்ல சொல்லிக் காட்டறாங்க.)

மெர்சிங் படகுத்துறையில முதல் பாடம். அங்கே படகு நேரத்தை அலைதான் முடிவு பண்ணும். ஆத்து முகத்துவாரம் ஆழமில்லாததால தண்ணி ஏறினாத்தான் படகு வெளியே போக முடியும். காத்திருந்து ஏறினோம். முகத்துவாரம் தாண்டினதும் படகு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பிச்சது. அப்ப பொண்ணுக்கு ஆறு வயசு. அவ பிளாஸ்டிக் பையில முகத்தை வெச்சவ, தீவு வர்ற வரைக்கும் எடுக்கலை. போய்ச் சேர்ந்தா மழை. நம்ம ஊர் ஐப்பசி அடைமழை மாதிரியே, விட்டு விட்டு இல்ல, விடாம. ரூம்ல பூஞ்சை வாடை. போர்வையைத் தொட்டா ஈரம். ரிசார்ட்காரங்க பாதிப் பேரை ஏற்கெனவே ஊருக்கு அனுப்பிட்டாங்க, சமையல்காரர் உட்பட! தீபாவளி அன்னிக்கு விடிகாலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு ஊருக்குக் கிளம்பறதா ஏற்பாடு. குளிச்சோம். படகு வரலை. கடல் சரியில்லைன்னு நிறுத்திட்டாங்க. எங்க தீபாவளிப் பலகாரம் மேகி நூடுல்ஸ். புதன்கிழமை ஆபீஸ் மீட்டிங்கை அங்கிருந்தே, சிக்னல் கிடைச்ச ஒரே இடமான படகுத்துறைக் கூரைக்குக் கீழ நின்னு, குடையோட முடிச்சேன்.

யார் மேலயும் தப்பு சொல்றதுக்கில்ல. அந்தக் கரையில நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் பல ரிசார்ட்டுகள் கதவையே சாத்திடும். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாத்துக்கும் இதே கதைதான். மூடறதுக்கு முந்தின வாரத்துல மலிவா வித்ததை நான் வாங்கிட்டேன், அவ்ளோதான். இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்ல, நான்தான் தேடிப் பார்க்கலை. ரிசார்ட் படத்துல மட்டும் பன்னெண்டு மாசமும் வெயில் அடிச்சிக்கிட்டே இருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2024 வருஷக் கடைசி. பொண்ணு ஆறாம் வகுப்பு பி.எஸ்.எல்.இ. பரீட்சை முடிச்சுட்டா. ரிசல்ட்டும் வந்துடுச்சு. (மார்க் கேக்காதீங்க, பாஸ்!) அதே சமயம் ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தாங்க. அம்மாவுக்கு 71 வயசு. 2022ல இடது முழங்கால் மாத்து ஆபரேஷன் ஆச்சு. கொஞ்சம் வீசிங் உண்டு. அப்பா போனப்புறம் ஊரை விட்டு வரமாட்டேன்னு இருந்தவங்களை, பேத்தி போன்ல அழுது வரவழைச்சிருந்தா. "அப்பாயியோட கடலுக்குப் போகணும்"கிறது பொண்ணு வெச்ச ஒரே கோரிக்கை. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடல் ஆகாதாம், கப்பல் நிக்குதாம். "குளிக்கற கடல்" வேணுமாம்.

இந்த முறை நான் எக்செல்லோட உக்காந்தேன்.

டிசம்பர்னு மாசம் முடிவாயிடுச்சு. அப்ப கடல் எந்தப் பக்கம் நல்லா இருக்கும்? இதுக்கு விடை தேடினப்பதான், நம்ம ஸ்கூல் புவியியல் பாடத்துல மனப்பாடம் பண்ண வடகிழக்குப் பருவக்காத்து எவ்ளோ பெரிய ஆளுன்னு புரிஞ்சது. சென்னையை மூழ்கடிக்கற அதே பருவம்தான் இந்தப் பக்கம் தென்சீனக் கடலைத் தாண்டி, வழியில தண்ணியைக் குடிச்சிட்டு வந்து மலேசியாவோட கிழக்குக் கரையில கொட்டுது. நடுவுல முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர் நிக்குது. மலைக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையில, மழை குறைஞ்சு கடல் படிஞ்சு கிடக்கும். நாட்டோட அகலம் சில நூறு கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வெயில். மே மாசத்துக்கு அப்புறம் காத்து திரும்பினா, கிழக்குப் பக்கம் தெளிஞ்சிடும்.

இலங்கையும் இதே கணக்குத்தான். டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் பெந்தோட்டை, காலி பக்கம். மேயிலிருந்து செப்டம்பர் வரைக்கும் திருகோணமலை, பாசிக்குடா பக்கம். ஒரே தீவு, ஆறு மாசத்துக்கு ஒரு கரைன்னு முறை வெச்சு நடக்குது. தாய்லாந்துல புக்கெட் டிசம்பர்ல அருமையா இருக்கும், ஆனா எதிர்ப் பக்கம் இருக்கற கோ சமுய் நவம்பர்லதான் நல்லா நனையும். ரெண்டையும் "தாய்லாந்து பீச்"னு ஒரே கட்டுல போட்டு விக்கறாங்க. பாலி இன்னும் வேடிக்கை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கறதால நம்ம டிசம்பர் லீவுதான் அங்கே மழைக்காலம். ஆபீஸ்ல ஒருத்தர் மூணு வருஷமா டிசம்பர்ல பாலி போய் "ஊரு பச்சைப்பசேல்னு இருக்கு"ன்னு சொல்லிட்டு வருவார். ஏன் பச்சையா இருக்குன்னு அவர் யோசிச்சதா தெரியலை. மாலத்தீவு டிசம்பர்ல ஏப்ரல் வரைக்கும் ஜோர். விலையும் அப்படியே ஜோர். பின்டான் ஒரு மணி நேரப் படகுதான், ஆனா டிசம்பர் ஜனவரியில மழையும் ஆட்டமும். ஆட்டம்னு வந்தவுடனே தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அந்த வரியை அழிச்சுட்டேன்.

புகை மூட்டத்தையும் கணக்குல வெச்சுக்கணும். 2013 ஜூன்ல சிங்கப்பூர்ல பி.எஸ்.ஐ. 401 வரைக்கும் போனப்ப, பொண்ணு கைக்குழந்தை. ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி வெச்சு அடைச்சுட்டு உக்காந்திருந்தோம். 2015ல மறுபடி. சுமத்ராவுல காய்ஞ்ச காலத்துல காட்டையும் கரிநிலத்தையும் கொளுத்தறப்ப வர்றது இது. ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வாய்ப்பு அதிகம். வீசிங் இருக்கற ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறவங்க, கடற்கரையை விட இதைத்தான் முதல்ல பார்க்கணும். டிசம்பர்ல மழை அதைக் கழுவிட்டிருக்கும்.

எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் நின்னது லங்காவி. மேற்குக் கரை, சிங்கப்பூர்லேர்ந்து ஒன்றரை மணி நேர விமானம், படகே வேண்டாம். அங்கே மழை உச்சம் செப்டம்பர் அக்டோபர். டிசம்பர் நடுவுல குறைய ஆரம்பிச்சு ஜனவரி பிப்ரவரியில நல்லா காயும். கெடா மாநிலம்கிறதால அது நம்ம கடாரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ராஜேந்திர சோழன் கப்பல்ல போன பக்கம். அம்மாகிட்ட சொன்னேன். "அவரு எந்த மாசம் போனாரு?"ன்னு கேட்டாங்க. எக்செல்ல அந்தக் கட்டம் இல்ல.

ஆனா நவம்பர் கடைசியில வயித்துல புளியைக் கரைச்சது. கிளந்தான், திரெங்கானுவுல பெரிய வெள்ளம், லட்சம் பேருக்கு மேல வீட்டை விட்டு வெளியேத்தினாங்க. கெடா பக்கமும் சில இடங்கள்ல தண்ணி. அதே நேரத்துல ஊர்ல ஃபெங்கல் புயல், நவம்பர் 30 அன்னிக்குப் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அம்மா ஒரு போன்ல ஊர்ச் செய்தியும், நான் ஒரு போன்ல மலேசியச் செய்தியும் பார்த்துக்கிட்டு எதிரெதிரே உக்காந்திருந்தோம். பணம் திரும்பக் கிடைக்கற மாதிரி புக் பண்ணியிருந்ததால தூக்கம் வந்தது. ரூமுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அந்த வசதியை வாங்கிடுங்க. பருவமழை நம்ம எக்செல்லைப் படிச்சுட்டு வர்றதில்ல.

இனி ரூம். எனக்கு அதிக நேரம் பிடிச்சது இதுலதான்.

ரிசார்ட் எத்தனை நட்சத்திரம்கிறது ஒரு விஷயமே இல்லைன்னு அம்மாவுக்காகத் தேடறப்பதான் தெரிஞ்சது. நான் ஆசைப்பட்ட முதல் இடம் மலைச்சரிவுல, காட்டுக்குள்ள, தனித்தனி வீடா இருந்தது. அழகுன்னா அழகு. கீழே விமர்சனத்துல ஒருத்தர், ரூம்லேர்ந்து சாப்பாட்டு இடத்துக்குப் போக 112 படின்னு எண்ணி எழுதியிருந்தார். முழங்கால் மாத்தினவங்களுக்கு ஏர்றதை விட இறங்கறது கஷ்டம். அவுட். ரெண்டாவது இடத்துல குளியலறையில ஷவர் தனியா இல்ல, தொட்டிக்குள்ள ஏறி நின்னு குளிக்கணும். வழுக்கற தொட்டிக்குள்ள ஒரு காலைத் தூக்கி வெச்சு ஏர்றது அம்மாவால ஆகாது. அவுட். மூணாவதுல எல்லாம் சரி, ஆனா சென்ட்ரல் ஏசி, ஜன்னல் திறக்க வராது.

ஏசி விஷயத்தை எல்லாரும் தலைகீழா நினைக்கறாங்க. "வயசானவங்க, வெயில் தாங்க மாட்டாங்க"ன்னு. மாயவரம் பக்கத்துல சித்திரை வெயில்ல வத்தல் காயப்போட்டவங்களுக்கு லங்காவி 32 டிகிரி ஒரு வெயிலா? தாங்க முடியாதது ராத்திரி 20 டிகிரி ஏசி. வெளியே வந்தா பிசுபிசுன்னு ஈரக்காத்து, உள்ளே போனா ஐஸ் பொட்டி. ஒரு நாளைக்குப் பத்து தடவை இப்படி மாறி மாறிப் போனா நல்லா இருக்கறவனுக்கே சளி பிடிக்கும். அதனால மின்விசிறியும் திறக்கற ஜன்னலும் உள்ள ரூம் வேணும்னு ஹோட்டலுக்கு மெயில் போட்டேன். ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கான்னும் கேட்டேன். டெங்கு இருக்கற நாடு, வலை இல்லாம ஜன்னல் திறந்து பிரயோசனம் இல்ல. "இருக்கிறது, ஆனால் பால்கனிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள், குரங்கு வரும்"னு பதில் வந்தது. இப்படிப் பதில் போடற ஹோட்டலை நம்பலாம்னு அங்கேயே முடிவு பண்ணினேன். தரைத்தளம், லிஃப்ட்டே வேண்டாம், மணலுக்கு அறுபது எழுபது அடி நடை, நிக்கற ஷவர், கழிப்பறையில கைக்குழாய் (மலேசியாவுல இந்தக் கவலை பெரும்பாலும் இல்ல), குவா டவுன்ல அரசு மருத்துவமனை. பச்சை, பச்சை, பச்சைன்னு கட்டத்துக்கெல்லாம் கலர் அடிச்சேன்.

விமர்சனம் படிக்கறவங்க ஒண்ணு பண்ணுங்க. நீங்க போகப்போற மாசத்துல போனவங்க எழுதினதை மட்டும் பொறுக்கிப் படிங்க. பிப்ரவரியில போனவர் கொடுத்த அஞ்சு நட்சத்திரத்தை வெச்சு அக்டோபர்ல போகக் கூடாது.

பேப்பர் வேலையும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரங்களுக்கு மலேசியா 2023 டிசம்பர்லேர்ந்து விசா இல்லாம முப்பது நாள் விடறாங்க. கிளம்பறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல வருகைப் படிவம் நிரப்பணும். அதை விட முக்கியம், அம்மா அப்பா சிங்கப்பூருக்குத் திரும்பி நுழைய விசா பல தடவைக்கு இருக்கான்னு பாருங்க. நிறையப் பேர் இதுல மாட்டியிருக்காங்க.

தேதி டிசம்பர் 25லேர்ந்து 29. அம்மாகிட்ட சொன்னப்ப சமையலறையில வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

"26ந் தேதி அங்கதான் இருப்போமா?"

"ஆமாம்மா. ஏன், ஏதாவது விசேஷமா?"

"இல்ல. சரி, போவோம்."

விலையைப் பத்தி யோசிக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

போனோம். சும்மா சொல்லக் கூடாது, எக்செல் ஜெயிச்சது. முதல் நாள் சாயங்காலம் பத்து நிமிஷம் தூறினதோட சரி. கடல் நம்ம ஊர்க் குளம் மாதிரி கிடந்தது. குரங்கு ஒண்ணு வந்து பால்கனியில காயப்போட்ட என் துண்டை மட்டும் எடுத்துட்டுப் போச்சு. அம்மாவுக்கு ரூம் பிடிச்சிருந்தது. ஜன்னலைத் திறந்து, வலை வழியா காத்து வாங்கிக்கிட்டு, "நல்ல வாடைக்காத்து, ஈரமே இல்ல பாரு"ன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. அந்தக் காத்தை ஏதோ நான்தான் ஆர்டர் பண்ணி வரவழைச்ச மாதிரி.

மறுநாள் 26. காலையில நாங்க மூணு பேரும் கடல்ல கிடந்தோம். அம்மா வரலை. "நாளைக்கு"ன்னாங்க. மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, டீயை எடுத்துக்கிட்டு எல்லாரும் வாசல்ல வந்து உக்காந்தோம். கடல் இல்ல.

இல்லைன்னா, தூரத்துல இருந்தது. காலையில நான் கழுத்தளவுத் தண்ணியில நின்ன இடம் ஈர மணலா மின்னிக்கிட்டிருந்தது. நண்டு ஓடுது, பசங்க அதுல பந்து விளையாடுதுங்க. எனக்கு அது வெறும் தாழ்வலை. அந்தப் பக்கம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ரெண்டு மூணு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும், கரை வேற தட்டையா இருக்கு, அதனால கடல் ரொம்ப தூரம் பின்னாடி போயிடும். நம்ம தஞ்சாவூர்க் கரையில இந்த அளவுக்குப் பார்க்க முடியாது. அம்மா டம்ளரைக் கீழே வெச்சுட்டாங்க.

"தம்பி, கடல் உள்வாங்கியிருக்குடா. பாப்பாவைக் கூப்புடு."

"அம்மா, இது தினமும் வர்ற..."

"கூப்புடுங்கறேன்ல!"

எங்க அம்மா குரல் உசத்தி நான் கேட்டு இருபது வருஷம் இருக்கும். பொண்ணு மணல்ல இருந்து ஓடி வந்துட்டா. அம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ரூம் பக்கம் போகலை, ரோட்டுப் பக்கம் நடந்தாங்க. புது முழங்காலோட, செருப்பு கூடப் போடாம. தங்கமணி பின்னாடியே ஓடினாங்க. ரிசப்ஷனைத் தாண்டி ரோட்டோரம் ஒரு மேட்டுல, மரத்தடியில போய் நின்னுட்டாங்க. நான் போன்ல அலை அட்டவணையைத் திறந்து, இப்ப குறைஞ்ச நேரம், ராத்திரி திரும்ப ஏறும்னு காட்டினேன். 2007லேர்ந்து ஹைதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு, கடலுக்கடியில கருவி போட்டிருக்காங்கன்னு எல்லாம் சொன்னேன். அம்மா போனைப் பார்க்கலை. கடலைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

அரை மணி நேரம் அங்கேயே நின்னோம். யாரும் ஒண்ணும் பேசலை. ஹோட்டல்ல வேலை பார்க்கற மலாய்க்கார அம்மா ஒருத்தர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து அம்மா பக்கத்துல போட்டுட்டுப் போனாங்க. எதுக்குன்னு கேக்கவே இல்ல. 2004ல அந்த அலை லங்காவிக்கும் வந்துச்சு. சுமத்ரா குறுக்கே நின்னதால வேகம் குறைஞ்சு வந்தது. அப்படியும் மலேசியாவுல 60 பேருக்கு மேல போனாங்க.

ராத்திரி பொண்ணு தூங்கினப்புறம்தான் அம்மா சொன்னாங்க. எங்க ஊரு மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவுல. கடல் பன்னெண்டு கிலோமீட்டர். தரங்கம்பாடியிலிருந்து ஒரு மீன்காரம்மா பஸ்ல அன்னக்கூடையோட வருவாங்க. எனக்கும் ஞாபகம் இருக்கு, ஸ்கூல் லீவுல நான் இருந்தா "தம்பிக்கு"ன்னு ரெண்டு மீன் கூடப் போடுவாங்க. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமைன்னா அம்மா வஞ்சிர மீன் சொல்லி வெச்சிருப்பாங்க. மசாலா அரைச்சு வெச்சுட்டு, வாசல் தெளிச்சுட்டு, பத்து மணி வரைக்கும் பஸ் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அன்னிக்கு நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல. அப்ப தரங்கம்பாடியும் அந்த மாவட்டம்தான்.

"கடல் பின்னால போச்சாம். பசங்க மீன் பொறுக்க ஓடுச்சுங்களாம். இவளும் கூடையோட போனாளாம். அவ மக வந்து சொன்னா."

எனக்கு இது தெரியாது. நான் அப்ப பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு. போன் பண்ணி "நம்ம வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "நம்ம வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம்"னு அம்மா சொன்னாங்க. நான் கேட்டதுக்கு அது சரியான பதில்தான். அதுக்கப்புறம் இருபது வருஷமா அம்மா கடற்கரைக்குப் போனதில்ல. வேளாங்கண்ணி, பூம்புகார்னு நாங்க கிளம்பறப்பல்லாம் கால் வலி, வீட்டுல ஆள் வேணும்னு ஏதாவது சொல்லி நின்னுடுவாங்க. நாங்களும் நம்பினோம். எல்லாத்துக்கும் கட்டம் போட்டேனே, இதுக்குப் போடலை.

"அப்பறம் ஏம்மா வரேன்னு சொன்னே? தேதியைக் கேட்டியே, அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பாப்பா கேட்டா. அதுவும் இல்லாம, எத்தனை நாளைக்குப் பயந்துகிட்டு இருக்கறது?"

ஊருக்குத் திரும்பிடலாமான்னு தங்கமணி கேட்டாங்க. அம்மா வேண்டாம்னுட்டாங்க. ஆனா காலைல தண்ணி எத்தனை மணிக்கு ஏறும், எவ்ளோ ஏறும்னு போனைப் பார்த்துச் சொல்லச் சொன்னாங்க. அட்டவணையை ஒவ்வொரு வரியா படிச்சேன். "அமாவாசை 30ந் தேதி. இனிமே ஏத்தமும் இறக்கமும் நாளுக்கு நாள் கூடும். அதுல அப்படித்தான போட்டிருக்கு?"ன்னாங்க. அப்படித்தான் போட்டிருந்தது.

27 காலை. தண்ணி நல்லா ஏறி, மணல் மேட்டுக்குப் பக்கத்துலயே வந்திருந்தது. இது ஒரு சௌகரியம், முழங்கால் மாத்தினவங்க இழுக்கற ஈர மணல்ல தூரம் நடக்க வேண்டாம். ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகை இருக்கான்னு பார்த்தேன். (அந்தப் பக்கக் கடல்ல பெட்டி ஜெல்லிமீன் உண்டு. பட்டா முதல்ல வினிகர் ஊத்தணும், நல்ல தண்ணி ஊத்தித் தேய்க்கக் கூடாது. ஒரு பாட்டில் வினிகர் பையில வெச்சிருந்தேன்.) காவலுக்கு நிக்கற பையன்கிட்ட கேட்டேன், அன்னிக்கு ஒண்ணும் இல்லைன்னான்.

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கிட்டு, ஒரு கை பேத்தி, ஒரு கை மருமகள்னு பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. முதல் அலை கணுக்காலுக்கு வந்துட்டுப் போச்சு. பின்னாடி போறப்ப காலுக்குக் கீழ மணலை இழுக்கும் பாருங்க, அப்ப பொண்ணு கையை இறுக்கிப் பிடிச்சாங்க. பிடியில விரல் வெளுத்துடுச்சுன்னு அவ அப்புறம் சொன்னா. அங்கேயே நின்னாங்க. ரெண்டாவது, மூணாவது. நான் போட்டோ எடுக்கப் போனேன், தங்கமணி கண்ணாலேயே வேண்டாம்னாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு முழங்கால் வரைக்கும் போனாங்க. குனிஞ்சு ரெண்டு கையாலயும் தண்ணியை அள்ளி, ஒரு நிமிஷம் வெச்சிருந்து, திரும்ப ஊத்தினாங்க. மூணு தடவை. பொண்ணு எதுக்குன்னு கேட்டா. "எங்க ஊருல ஒரு அம்மா இருந்தாங்க. உங்கப்பாவுக்கு மீன் கூடப் போடுவாங்க"ன்னாங்க. அவளும் அள்ளி ஊத்தினா.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கு"ன்னாங்க என்னைப் பார்த்து. எக்செல்ல கடல் வெப்பம் 29 டிகிரின்னு ஒரு கட்டம் இருந்தது. நான் சொல்லலை.

பத்தரைக்குக் காலைச் சாப்பாடு மூடிடுவாங்க, பத்து மணிக்கு ஓடினோம். நனைஞ்ச புடவையோட ஏசி ஹாலுக்குள்ள உக்காரக் கூடாதுன்னு, வெளியே திண்ணையில மேசை போடச் சொல்லி வாங்கிட்டேன். ரொட்டி சனாய்க்குக் குடுத்த பருப்புக் குழம்பு அம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சு. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

டிஸ்கி: ஜூன் லீவுல போறவங்க இந்தப் பதிவுல கிழக்குன்னு இருக்கற இடத்துல மேற்குன்னும், மேற்குன்னு இருக்கற இடத்துல கிழக்குன்னும் மாத்திப் படிச்சுக்கவும். அலை அட்டவணையை மட்டும் எந்த மாசம் போனாலும் பார்த்துடுங்க.